செங்குன்றத்துக் கல்



கும்மிடிப்பூண்டியில் வீடு கட்டப்போகும் என் பழைய மாணவர் ஒருவர், செம்பாறாங்கல் சுவர் நிற்குமா என்று கேட்டார். செங்குன்றத்தின் சிவப்பே அதுதானப்பா! வெட்டும்போது மென்மையாக இருக்கும், காற்றுப்பட இறுகும். சூளையே வேண்டாம். சிமென்டுக்கோ சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரியில் சுடவேண்டும். எரிபொருள் புகையோடு, கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயுவும் வெளியேறும்.

ஆனால் எல்லா இடத்திலும் கட்டியாக வெட்ட வராது, சரளையாக உதிரும், பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று. பூண்டி அருகே அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டது இந்தச் செஞ்சரளையில்தான். அங்கே பின்னாளில் ஆழத்தில் கிடைத்தவற்றுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் கணித்தார்கள். கிராவல் லாரிகளில் எத்தனை போயினவோ!

கடைக்கால் தோண்டும்போது கைக்கோடரி போல ஏதும் தென்பட்டால், பூண்டி அகழ்வைப்பகத்துக்குச் சொல்லிவிட்டு மேலே தோண்டுங்கள்.