வீரர் பரிமாற்றத்தில் மருத்துவ விவரம் தெரிவிக்கும் பொறுப்பு

அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் ஓர் அணி தன் வீரரை இன்னோர் அணிக்குக் கொடுத்து, ஈடாக வேறு வீரர்களையோ இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையோ பெறுவது ‘டிரேட்’. கைமாறும் வீரரின் காயங்கள், சிகிச்சைகள், மருந்துகள் ஆகியவற்றை மறைக்காமல் தெரிவிப்பது கொடுக்கும் அணியின் கடமை. வாங்கும் அணி தன் மருத்துவர்களை வைத்துச் சோதித்துக்கொள்ளலாம்; வீரர் தேறாவிட்டால் பரிமாற்றமே ரத்தாகலாம். ஆனால் சோதனை அன்றைய உடலைத்தான் காட்டும். முழங்கை வலிக்கு அவர் பல மாதங்களாக மாத்திரை சாப்பிட்டு வருகிறாரா என்பது பதிவேட்டில்தான் இருக்கும். அந்தப் பதிவேடோ கொடுப்பவர் கையில் இருக்கிறது.

இந்தச் சிக்கலை ஊரறியச் செய்தது சான் டியாகோ பாட்ரெஸ் பேஸ்பால் அணி. 2016 ஜூலை 14 அன்று அது தன் முன்னணிப் பந்து வீச்சாளர் ட்ரூ பொமரான்ஸை பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குக் கொடுத்து, ஆண்டர்சன் எஸ்பினோசா என்ற 18 வயது இளைஞரைப் பெற்றது. பொமரான்ஸுக்கு அளித்த சிகிச்சை விவரங்கள் சில தங்களுக்கு வரவில்லை என்று பாஸ்டன் பின்னர் புகார் செய்தது. மேஜர் லீக் அணிகள் வீரர்களின் சிகிச்சையைப் பொதுவான கணினித் தரவுத்தளம் ஒன்றில் பதிகின்றன. பேச்சு முற்றியதும் மற்ற அணி அதைப் பார்க்கலாம். பாட்ரெஸ் நிர்வாகமோ வெளியாருக்கு ஒன்று, உள்ளுக்கு ஒன்று என இரண்டு கோப்புகள் வைக்கும்படி தன் பயிற்றுநர்களிடம் சொல்லியிருந்ததாக இஎஸ்பிஎன் செய்தி வெளியிட்டது. வணிகத்தில் இதை இரட்டைக் கணக்கு என்பார்கள்.

செப்டம்பர் 15 அன்று பாட்ரெஸ் பொது மேலாளர் ஏ.ஜே. பிரெல்லர் சம்பளமின்றி 30 நாள் இடைநீக்கம் செய்யப்பட்டார். ஏமாற்றும் எண்ணம் தங்களுக்கு இல்லை என்றது அணி.

அதே ஜூலையில் மயாமி மார்லின்ஸுக்கும் ஓர் அனுபவம் கிடைத்தது. பாட்ரெஸிடமிருந்து பல வீரர்கள் கைமாறிய பரிமாற்றத்தில் வந்த காலின் ரியா, புதிய அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே முழங்கை வலியால் வெளியேறினார். இரண்டே நாளில் ரியாவைத் திருப்பியனுப்பிய மார்லின்ஸ், தான் கொடுத்திருந்த லூயிஸ் காஸ்டியோவைத் திரும்பப் பெற்றது. வேடிக்கை என்னவென்றால், அதே பரிமாற்றத்தில் மார்லின்ஸ் கொடுத்த கார்ட்டர் கேப்ஸும் முழங்கை அறுவை சிகிச்சை செய்துகொண்டு அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியாமல் இருந்தவர்தான். அது ஊருக்கே தெரியும். தெரிந்துதான் பாட்ரெஸ் அவரை வாங்கியது. எனவே காயம்பட்ட வீரரைக் கொடுப்பது குற்றமல்ல. காயத்தைச் சொன்னால் அது விலையில் கழியும். சொல்லாவிட்டால் நஷ்டம் வாங்கியவர் தலையில் விழும்.

கூடைப்பந்தில் இந்த வழக்கு பழையது. 1994 பிப்ரவரியில் ஷான் எலியட்டை டெட்ராய்ட் பிஸ்டன்ஸிடமிருந்து வாங்கிய ஹூஸ்டன் ராக்கெட்ஸ், அவரது சிறுநீரகக் கோளாறைக் காரணம் காட்டிப் பரிமாற்றத்தை ரத்து செய்தது. ஈடாகப் போன ராபர்ட் ஹோரி ஹூஸ்டனுக்கே திரும்பினார். அந்தக் கோடையில் ஹூஸ்டன் கோப்பையை வென்றது. மருத்துவர்களின் அச்சம் பொய்யல்ல. ஆனாலும் எலியட் சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்காக ஆடி 1999 கோப்பையை வென்ற பிறகே, தன் அண்ணனின் சிறுநீரகத்தைப் பெற்றார். 2000 மார்ச்சில் மீண்டும் களமிறங்கினார்.

2013இல் பிலடெல்பியா செவன்ட்டி சிக்சர்ஸ், ஜ்ரூ ஹாலிடேயை நியூ ஆர்லியன்ஸுக்குக் கொடுத்தது. கால் எலும்பில் ஏற்பட்ட அழுத்த முறிவால் அவர் அந்தப் பருவத்தில் 34 ஆட்டங்களோடு நின்றார். காலின் நிலையைப் பிலடெல்பியா முழுதாகச் சொல்லவில்லை என்ற புகாரின் முடிவில், அந்த அணி 30 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்க நேர்ந்ததாக 2015 ஜனவரியில் செய்தி வந்தது.

2023 பிப்ரவரியில் போர்ட்லாந்திலிருந்து கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு வந்த இரண்டாம் கேரி பேட்டன் மருத்துவச் சோதனையில் தேறவில்லை. ஆனால் அது நான்கு அணிகள் கோத்துக்கொண்ட பரிமாற்றம். ஒருவரை மறுத்தால் எல்லாமே கலையும். வாரியர்ஸ் அவரை ஏற்றுக்கொண்டது. கூடைப்பந்து லீகான என்பிஏ விசாரணை தொடங்கியது.

வீரரின் பக்கமும் ஒன்று உண்டு. ‘சோதனையில் தேறாதவர்’ என்ற பெயர் நாளிதழில் வந்துவிட்டால் அடுத்த ஒப்பந்தத்திலும் அது பேரத்தைக் குறைக்கும். 2025 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் ரத்து செய்த பரிமாற்றத்தால், மார்க் வில்லியம்ஸ் தன்னை விற்ற சார்லட் அணிக்கே திரும்பிப் போய் ஆட வேண்டியிருந்தது.

தண்டனை குற்றத்துக்கு ஈடாக இருக்கிறதா என்றால், பேஸ்பாலில் இல்லை. பொமரான்ஸைத் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு பாஸ்டனுக்குத் தரப்பட்டது; பருவத்தின் கடைசிக் கட்டத்தில் பந்து வீச்சாளரை இழக்க அந்த அணி விரும்பவில்லை. பிரெல்லரின் 30 நாளில் பாதி, பருவம் முடிந்த பிறகு கழிந்தது. பரிமாற்றக் காலக்கெடு எதையும் அவர் தவறவிடவில்லை. அடுத்த பருவத்துக்கான பேரங்கள் தொடங்கும் முன்பே பழைய நாற்காலிக்குத் திரும்பிவிட்டார்.