குளிரின் விலை: கேமரன் மலையும் பனிக்கட்டிப் பொறியும்

முன்னுரை

மலேசியத் தமிழரின் தோட்டப்புற வரலாற்றை ஆராய்ந்தோர் பால்மரம், தேயிலை, கங்காணி முறை, தமிழ்ப்பள்ளி ஆகியவை குறித்து விரிவாக எழுதியுள்ளனர். அவ்வாழ்வில் புகுந்த பொறிகளின் வரலாறோ அரிதாகவே பேசப்படுகிறது. அவற்றுள் ஒன்று பனிக்கட்டிப் பொறி. பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களைக் காண வருவோர் இன்று சூடான தேநீரோடு பனிக்கட்டியிட்ட தேநீரையும் விரும்பி அருந்துகின்றனர். குளிர் நாடி மாந்தர் ஏறிய மலையிலும் குளிரைச் செய்யும் பொறி வந்துசேர்ந்தது எங்ஙனம்? அதனைப் பராமரிப்போர்க்குரிய கடமை யாது? இவ்விரு வினாக்களையும் நாம் ஈண்டு நோக்குவோம்.

மலை தந்த குளிர்

வில்லியம் கேமரன் 1885ஆம் ஆண்டு இம்மலைப்பகுதியை நிலஅளவை செய்தார். 1925இல் இங்கு வந்த சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இதனை மலைவாழிடமாக்க முனைந்தார். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். ஆதலின் 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தா, சமவெளியைவிட ஒன்பது பாகையளவு குளிர்ந்துள்ளது. அக்குளிரை மலை இலவசமாகத் தந்தது. ஆயினும் அதனைத் தேயிலையாக மாற்றியது தமிழகத்திலிருந்து வந்தோர் உள்ளிட்ட தொழிலாளரின் உடலுழைப்பே.

கப்பலில் வந்த குளிர்

மலையேற இயலாத இடத்திற்குக் குளிரையே கொண்டுவரும் முயற்சி இதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே நிகழ்ந்தது. அமெரிக்க வணிகர் ஃபிரெடரிக் டியூடர் 1833இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு 180 டன் இயற்கைப் பனிக்கட்டியைக் கப்பலில் அனுப்பினார். நான்கு மாதப் பயணத்திற்குப்பின் ஏறத்தாழ 100 டன் கரைசேர்ந்தது. சென்னையில் அவ்வணிகத்தின் பொருட்டு 1842இல் எழுந்த கட்டடமே ஐஸ் ஹவுஸ். 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய அக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படுகிறது. எனினும், திருவல்லிக்கேணியின் அப்பகுதியை மக்கள் இன்றளவும் ஐஸ் ஹவுஸ் என்றே வழங்குகின்றனர். வணிகம் மறைந்தும் பெயர் நின்றது. அக்காலத்தில் குளிரின் இழப்பு கண்ணுக்குப் புலப்பட்டது. உருகி ஓடிய நீரை எவரும் காணலாம்.

பொறி செய்த குளிர்

1834இல் ஜேக்கப் பெர்க்கின்ஸ் ஆவி அமுக்கக் குளிரூட்டலுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் நெறி எளியது. குளிர்பொருள் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தைக் கவர்கிறது. அமுக்கி அவ்வாவியை அழுத்துகிறது. அது வெப்பத்தைப் புறத்தே விடுத்து மீண்டும் நீர்மமாகிறது. 1870களில் கார்ல் வான் லிண்ட அம்மோனியாவைக் கொண்டு இயங்கும் பொறிகளைச் செம்மைப்படுத்தினார். பனிக்கட்டி ஆலைகள் பெருகவே கப்பல் வணிகம் நலிந்தது.

அம்மோனியா நச்சுத்தன்மை உடையது. ஆயினும் அது கசிந்தால் மூக்கு உடனே அறியும். 1928இல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் உருவாக்கிய குளோரோஃபுளோரோ கார்பன்களோ தீப்பற்றா. நச்சுத்தன்மையும் மிகக் குறைவு. மணத்தாலும் எளிதில் புலப்படா. இப்பாதுகாப்பே ஒரு மெத்தனத்திற்கு வித்திட்டது. கசிவைத் தேடாமல் மீண்டும் நிரப்புவதும், பழுது பார்க்கையில் எஞ்சியதைக் காற்றில் திறந்துவிடுவதும் பணிக்கூடங்களில் வழக்கமாயின. இழப்பு புலப்படாதபோது கடமையும் தளர்ந்தது என்பதே இவ்வரலாறு நமக்குக் காட்டும் உண்மை.

புலப்படாததைப் புலப்படுத்தல்

இவ்வளிமங்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்பதை மொலினாவும் ரோலண்டும் 1974இல் எடுத்துரைத்தனர். 1985இல் அண்டார்டிகா வான்வெளியில் ஓசோன் குறைவு பற்றிய ஆய்வு வெளியாயிற்று. 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று; மலேசியா 1989இல் அதில் இணைந்தது. 1999இல் குளிர்பொருள் மேலாண்மைக்கெனத் தனி விதிகளையும் வகுத்தது. வளரும் நாடுகளில் குளோரோஃபுளோரோ கார்பன் பயன்பாடு 2010இல் முடிவுக்கு வந்தது.

மாற்றாக வந்தவையும் குற்றமற்றவை அல்ல. வணிகப் பனிக்கட்டிப் பொறிகளில் பரவலாகப் பயன்பட்ட ஆர்-404ஏ ஓசோனைத் தாக்காது; ஆயினும் அதில் ஒரு கிலோ காற்றில் கலப்பது, புவிவெப்பமாதல் கணக்கில் ஏறத்தாழ 3.9 டன் கரியமில வாயுவுக்கு ஒப்பாகும். இத்தகையவற்றைக் குறைக்கவே 2016இல் கிகாலி திருத்தம் ஏற்பட்டது. இன்று புதிய பொறிகள் பலவற்றில் ஆர்-290 எனும் புரோப்பேன் இடம்பெறுகிறது. அது எளிதில் தீப்பற்றுமாகையால் பழைய பொறியில் அதனை நிரப்புதல் தகாது.

எனவே பொறுப்பான பராமரிப்பு என்பது சில திட்டமான செயல்களாகும். குளிர்பொருளை மீட்புக் கலனில் சேகரித்தல். நைட்ரஜன் அழுத்தத்தால் கசிவைக் கண்டு அடைத்தல். குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பினால் அகற்றல். பொறியில் குறித்த அளவை நிறுத்து நிரப்பல் என்பன அவை. மலைப்பகுதிக்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. தானா ராத்தாவில் வளிமண்டல அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 16 கிலோபாஸ்கல் குறைவு. ஆதலின் அழுத்தமானி அங்கு அவ்வளவு மிகுத்துக் காட்டும். சமவெளி அட்டவணையை அப்படியே கொள்ளும் பணியாளர் பிழைபட நேரும்.

முடிவுரை

மலை தந்த குளிருக்குத் தொழிலாளரின் உழைப்பும், கப்பல் கொணர்ந்த குளிருக்கு உருகிய பனிக்கட்டியும் விலையாயின. பொறி செய்த குளிரின் விலையை வானம் ஏற்றது. அது நெடுங்காலம் எவர் கணக்கிலும் எழுதப்படவில்லை. அக்கணக்கை நேர்செய்யும் இடம் உடன்படிக்கை மண்டபம் மட்டுமன்று; தேநீர்க்கடையின் பின்புறத்தில் திருகாணியைத் திறக்கும் பணியாளரின் கையும் ஆகும். குளிர்பொருள், அமுக்கி, கசிவு, மீட்பு முதலிய சொற்கள் நம் வகுப்பறையில் வழங்கினால், தொழிற்கல்வி நாடும் மாணவர் செய்முறையோடு அதன் காரணத்தையும் தாய்மொழியிலேயே அறிவர். தமிழாசிரியர் இதனையும் தம் பணியாகக் கொள்ளுதல் நன்று.