ஈறு நோய்க் கிருமியை எண்ணிய வரலாறு

பல் போனால் சொல் போச்சு என்பது நம் நாட்டுப் பழமொழி. முதுமை வந்தால் பல் விழுவது இயற்கை என்று எண்ணியே நம் முன்னோர் பலர் வாழ்ந்து மறைந்தனர். ஊரை விட்டு வந்து இக்காலனியில் குடியேறிய நம் இல்லங்களிலும், தீபாவளிக்குச் சுட்ட முறுக்கைப் பேரக் குழந்தைகளிடம் நீட்டிவிட்டுத் தாம் பாலில் ஊறிய ரொட்டியை உண்ணும் பெரியவர்களைக் காண்கிறோம். அவர்களுடைய பற்களை வீழ்த்தியது வயதுதானா? இவ்வினாவிற்கு விடை தேடிய வரலாறு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அதனை இவ்வாண்டு மலரில் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகிறோம்.

ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் ஆன்டனி வான் லீவன்ஹூக் என்னும் துணி வணிகர் இருந்தார். பல்கலைக்கழகம் கண்டவர் அல்லர்; தம் கையாலேயே கண்ணாடி தேய்த்து உருப்பெருக்கிகள் செய்தவர். 1683 செப்டம்பர் 17ஆம் நாளிட்டு இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். நாள்தோறும் உப்பிட்டுப் பல் துலக்கும் தம் பல்லிடுக்கிலும் மாவு போன்ற வெண்ணிற அழுக்கு இருந்ததென்றும், அதனை நீரில் கலந்து நோக்கியபோது சின்னஞ்சிறு உயிர்கள் துள்ளித் திரிந்தன என்றும் அதில் தெரிவித்தார். வாழ்நாளில் ஒரு முறையும் வாயைத் துலக்கியறியாத முதியவர் ஒருவரின் பல்லழுக்கையும் ஆராய்ந்தார். அங்கே அவ்வுயிர்கள் நம்புதற்கரிய அளவில் மொய்த்திருந்தன. கிருமியைக் கண்டதும், வாய்க்கு வாய் அதன் மிகுதியை ஒப்பிட்டதும் அந்த ஒரே கடிதத்தில் நிகழ்ந்தன.

இரு நூற்றாண்டுகளுக்குப் பின், பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர், வாய்க் கிருமிகளைப் பற்றி 1890இல் ஒரு நூல் வெளியிட்டார். கிருமிகளைத் தட்டில் வளர்த்து எண்ணுவது அக்காலத்து முறை. ஆனால் ஈறுகளின் அடியில் வாழும் கிருமிகள் பல காற்றுப் பட்டாலே மடிவன. உருப்பெருக்கியில் தெரிந்தவை யாவும் தட்டில் முளைக்கவில்லை. இன்ன கிருமிதான் குற்றவாளி என்று காட்ட இயலாமையால், அழுக்கின் மிகுதியே நோய்க்குக் காரணம் என்ற கருத்து நெடுங்காலம் நிலவிற்று.

1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோ என்பவரும் அவர் தோழரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். நலமான ஈறுகளையுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு சிவந்து வீங்கிற்று. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் நோய் அகன்றது. வயது அன்று, கிருமிப் படிவே ஈறு வீக்கத்தின் காரணம் என்பது இதனால் ஐயமற விளங்கிற்று.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. வீங்கிய ஈறுகள் எல்லாம் எலும்பு கரைந்து பல் விழும் நிலையை அடைவதில்லையே, ஏன்? இப்புதிரின் விடைக்கு வழி காட்டியவர்கள் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர். நம்மைப் போலவே பிழைப்புக்காகக் கடல் கடந்து குடியேறிய தமிழரின் வழிவந்தோரே அத்தோட்டங்களில் பெரும்பாலோர். 1970 முதல் 1985 வரை 480 ஆண் தொழிலாளரை லோ குழுவினர் கவனித்து வந்தனர். அவர்களுக்குத் தூரிகை கொண்டு பல் துலக்கும் வழக்கமும் இல்லை. பல் மருத்துவ வசதியும் இல்லை. 1986இல் முடிவு வெளிவந்தது. அழுக்கும் காரையும் எல்லோர்க்கும் இருந்தன. ஆனால் நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து முற்றிற்று. 81 பேருக்கு மிதமாக வளர்ந்தது. 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. அழுக்கு பொதுவாயினும் அழிவு பொதுவாக இல்லை. ஆகவே எந்தக் கிருமி, எத்தனை, அதனை எதிர்க்கும் உடல் எத்தகையது என்னும் வினாக்கள் வலுப்பெற்றன.

பாஸ்டன் நகரின் ஃபோர்சித் நிலையத்தில் சிக்மண்ட் சொக்ரான்ஸ்கி குழுவினர், கிருமியை உயிருடன் வளர்க்காமல் அதன் டிஎன்ஏவைக் கொண்டே இனங்காணும் முறையை 1994இல் வெளியிட்டனர். சதுரங்கப் பலகை போன்ற ஒரே படலத்தில் 28 மாதிரிகளை 40 வகைக் கிருமிகளுக்கு ஒருங்கே சோதிக்க இயன்றது. 1998இல், 185 பேரிடம் பெற்ற 13,261 மாதிரிகளை ஆராய்ந்து, நோயுற்ற ஆழ்ந்த பைகளில் மூன்று கிருமிகள் கூடி வாழ்வதைக் காட்டினர். அவை போர்ஃபிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ், டானெரெல்லா ஃபோர்சித்தியா, ட்ரெபோனிமா டென்டிகோலா என்பன. இக்கூட்டத்திற்குச் செந்தொகுதி என்று பெயர்.

எண்ணிக்கையை இன்னும் நுட்பமாக்கியது பாலிமரேஸ் தொடர்வினை என்னும் முறை. 1983இல் காரி மல்லிஸ் இதனைக் கருதினார். சதுரங்கக் கட்டந்தோறும் அரிசியை இரட்டித்துக் கேட்ட கதையை யாவரும் அறிவோம். அவ்வாறே இம்முறை ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏவை இரட்டிக்கிறது. ஈறின் பையில் மெல்லிய காகிதக் குச்சியைச் செருகி எடுத்த மாதிரியுடன் ஒளிரும் சாயத்தைச் சேர்த்தால், கிருமி மிகுந்த மாதிரி முந்தி ஒளிரும். பத்துச் சுற்று முந்தினால் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மிகுதி என்று பொருள்.

எனினும் எண்ணிக்கையே தீர்ப்பு ஆகாது. இறந்த கிருமியின் டிஎன்ஏவும் கணக்கில் சேர்ந்துவிடும். நலமான வாயிலும் இக்கிருமிகள் சிறிதளவு காணப்படுவதுண்டு. ஆதலால் 2018இல் வெளியான உலக வகைப்பாடும் கிருமிக் கணக்கை அன்றி, பல்லைத் தாங்கும் திசுவும் எலும்பும் எவ்வளவு அழிந்தன என்பதையே நோயின் அளவுகோலாகக் கொண்டது. மருத்துவர் கையிலுள்ள மில்லிமீட்டர் குறித்த சிறு கோல் இன்றும் ஓய்வு பெறவில்லை.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? பல் விழுவது முதுமையின் கட்டாயம் அன்று. துலக்கும்போது குருதி கசிந்தால், துலக்குவதை நிறுத்துவது தவறு. மருத்துவரிடம் காட்டுவதே முறை. நீரிழிவு உடையோர்க்கும் புகை பிடிப்போர்க்கும் இந்நோய் கடுமையாகும். அவர்கள் பின்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

தேயிலைக் காட்டில் உழைத்த அத்தொழிலாளரின் வாய்களிலிருந்து உலகம் பாடம் கற்றது. அப்பாடம் பிறந்த ஆண்டுகளில் அவர்களுக்குப் பற்சிகிச்சை எட்டவில்லை. காலையில் தேநீர்க் குவளையை ஏந்தும் நாம் அவர்களுக்குப் பட்ட கடனை எவ்வாறு தீர்ப்பது? இவ்விழா முடிந்து இல்லம் திரும்பியதும், நம் வீட்டுப் பெரியவரை அருகில் அமர்த்தி, ஈறில் நோவுண்டா, குருதி கசிகிறதா என்று ஒரு வார்த்தை கேட்போம். உண்டென்றால், நாளையே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.