நீர்த்தேக்கங்களின் வெப்பக் கணக்கு: வரலாறு

நீர்த்தேக்க வெப்பக் கணக்கு என்பது, அணைநீர் வெயிலால் பெறும் வெப்பத்தையும் ஆவியாதல் முதலியவற்றால் இழக்கும் வெப்பத்தையும் கணித்து, ஆழவாரியாக நீரின் வெப்பநிலையை அறியும் முறையாகும். தென்காசி மாவட்டத்தில் கடனாநதி (85 அடி), ராமநதி (84 அடி), கருப்பாநதி (72 அடி), குண்டாறு (36 அடி), அடவிநயினார் (132 அடி) ஆகிய அணைகள் உள்ளன. பாசனத்திற்கு உதவும் இவற்றின் நீர் கோடையில் எவ்வளவு ஆவியாகும் என்பதை அறிய இக்கணக்கு தேவை.

தோற்றம்

1926இல் அமெரிக்க இயற்பியலாளர் ஐரா போவென், நீர்ப்பரப்பு ஆவியாதலால் இழக்கும் வெப்பத்திற்கும் காற்றுக்கு நேரடியாகக் கொடுக்கும் வெப்பத்திற்கும் உள்ள விகிதத்தைக் கணித்தார். 1948இல் இங்கிலாந்தின் ஹோவர்ட் பென்மன் வெயில், காற்று, ஈரப்பதம், வெப்பநிலை ஆகியவற்றை இணைத்து ஆவியாதல் சமன்பாட்டை வகுத்தார். 30 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். எனவே நீரிழப்பும் வெப்ப இழப்பும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். 1960களின் பிற்பகுதியில், அணைநீரைக் கிடைமட்ட அடுக்குகளாகப் பிரித்துக் கணிக்கும் கணினி முறைகள் அமெரிக்காவில் உருவாயின.

வெப்ப நாட்டு அணைகள்

வெப்ப நாடுகளில் மேல்நீருக்கும் அடிநீருக்கும் வெப்பநிலை வேறுபாடு குறைவு. ஆயினும் அதன் விளைவு பெரிது. 5 பாகையிலிருந்து 6 பாகைக்கு உயரும்போது குறைவதைவிட, 29இலிருந்து 30க்கு உயரும்போது நீரின் அடர்த்தி பத்து மடங்குக்கு மேல் குறைகிறது. இலேசான மேல்நீர் மிதக்க, காற்றுத் தொடர்பற்ற அடிநீரில் ஆக்சிசன் குறையும். இது மீன்வளத்தைப் பாதிக்கும். தமிழகத்தில் ஏ. சீனிவாசன் பவானிசாகர் அணைநீரை 1956 முதல் 1961 வரை ஆராய்ந்து, 1964இல் முடிவுகளை வெளியிட்டார்.

தென்காசியின் தனித்தன்மை

குற்றாலத்தில் சாரல் விழும் காலத்தில் தென்காசி வட்டாரத்தில் மேகத்தால் வெயில் குறைகிறது, ஈரப்பதம் மிகுகிறது, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வலுக்கிறது. முதலிரண்டும் ஆவியாதலைக் குறைக்கும். காற்றோ ஆவியாதலைத் தூண்டுவதுடன் நீர் அடுக்குகளையும் கலக்கும். மலையிலிருந்து வரும் குளிர்ந்த நீர் அடியில் இறங்கும். ஆகவே சமவெளி அணையின் அளவீடுகளை இங்கு அப்படியே பொருத்த இயலாது.

காற்றைக் கணக்கில் விட்டால் என்னாகும் என்பதற்கு வைகை அணை சான்று. 2017 ஏப்ரலில் ஆவியாதலைத் தடுக்க அங்கு தெர்மாகோல் அட்டைகள் மிதக்க விடப்பட்டன. காற்று அவற்றைக் கரையில் ஒதுக்கியது.

நாளிதழ்களில் வெளிவரும் நீர்மட்டம், அணையில் இன்று எவ்வளவு நீர் உள்ளது என்பதைக் காட்டும். அது எத்தனை நாள் நிற்கும், எத்தகைய நீராக இருக்கும் என்பதை அறிய, ஆழவாரியான வெப்பநிலையும் அந்தந்த இடத்துக் காற்றும் ஈரப்பதமும் அளக்கப்பட வேண்டும்.