நந்தன் என்று பெயர் வைக்கலாமா?

அரக்கோணத்தில் ரயில்வே ஒப்பந்த வேலை பார்க்கும் தோழர் ஒருவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவரது இணையர் ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போய்வந்தவர். குழந்தைக்கு ‘நந்தன்’ என்று பெயர் வைக்கப்போவதாக இருவரும் சொன்னபோது, எங்கள் படிப்பு வட்டத்து மாணவர்கள் கைதட்டினார்கள். தோழரின் தாயார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “தீயில எறங்குனவன் பேரையா எம் பேரனுக்கு வைக்கறீங்க? வேற பேரே கெடைக்கலையா?” என்று கேட்டார்.

அன்று எங்களில் ஒருவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பாட்டியின் கேள்வி நியாயமானது. நந்தன் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒரு கதாபாத்திரம்: கூனிக் குறுகி நிற்பவன், ஆண்டையிடம் அனுமதி கேட்டு அழுபவன், கடைசியில் நெருப்பில் இறங்கிச் ‘சுத்தமாகி’ மறைபவன். அந்தச் சுமையை ஒரு பச்சைக் குழந்தையின் தலையில் ஏற்றலாமா?

பதில் தேடி வரலாற்றைப் புரட்டினோம். கண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றை நினைவில் வைப்போம். பெயர் என்பது நமக்கு எப்போதும் அரசியல்தான். சூத்திரருக்கு இழிவைக் குறிக்கும் பெயரை வைக்க வேண்டும் என்று மனுதர்மத்தின் இரண்டாம் அத்தியாயம் விதிக்கிறது. அந்தக் கணக்கில்கூடச் சேர்க்கப்படாதவர்கள் நாம். ஆகவே நம் வீட்டில் பிறக்கும் குழந்தைக்கு என்ன பெயர் என்பதை நாமே உட்கார்ந்து பேசுவதே ஒரு வெற்றி.

இப்போது நந்தனுக்கு வருவோம். சுந்தரர் தம் திருத்தொண்டத் தொகையில் ‘திருநாளைப்போவார்’ என்று ஓர் அடியாரைக் குறிப்பிட்டு வணங்குகிறார். அதில் நந்தன் என்ற பெயரும் இல்லை, கதையும் இல்லை. பிறகு நம்பியாண்டார் நம்பி ஒரே ஒரு பாட்டில் ஆதனூரைச் சொல்கிறார். அவருடைய குல இழிவு நீங்கியது, தில்லை அந்தணர் கைகூப்ப முனிவரானார் என்கிறார். பிறப்பில் இழிவு உண்டு என்ற எண்ணம் அங்கேயே வந்துவிட்டது. ஆனால் அந்தப் பாட்டில் தீ இல்லை.

தீ வருவது 12-ஆம் நூற்றாண்டில், சேக்கிழாரின் பெரிய புராணத்தில். அங்கேதான் நந்தனார் வேள்வித் தீயில் புகுந்து, பூணூல் அணிந்த முனிவராக வெளியே வருகிறார். அதே பெரிய புராணத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. தோல் பட்டறை ஊர்களில் வாழும் நாம் அதைக் கவனிக்க வேண்டும். கோயில் முரசுகளுக்குப் போர்க்கும் தோலையும் வாரையும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பையும் நந்தனார் கொடுத்துவந்தார் என்கிறார் சேக்கிழார். அதாவது அவர் பதப்படுத்திய தோல் கோயிலுக்குள் போகும், அவர் வெளியே நிற்பார். ஆம்பூரில் தைத்த செருப்பு உலகம் முழுக்கப் போகிறது, தைத்தவர் தெருவுக்குள் தேர் வருவதில்லை என்று நாம் பேசுகிறோமே, அந்தப் பேச்சுக்கு எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய சாட்சி இது.

சேக்கிழார் கதையில் கொடுமைக்கார ஆண்டை கிடையாது. அந்த வேதியரைக் கொண்டுவந்தவர் 19-ஆம் நூற்றாண்டின் கோபாலகிருஷ்ண பாரதியார். அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1861-இல் அச்சேறியது. நாற்பது வேலி நிலத்தை ஒரே இரவில் நட்டு விளைவித்தால்தான் சிதம்பரம் போகலாம் என்று ஆண்டை சொல்லும் காட்சி அவருடைய கற்பனை. தஞ்சை மண்ணின் பண்ணையடிமை முறையைக் கண்ணால் பார்த்தவரின் கற்பனை என்பதால் அதில் உண்மையும் இருந்தது. ஆனால் அந்தக் கதையில் விடுதலை வயலில் கிடைக்கவில்லை, நெருப்பில்தான் கிடைத்தது. பின்னர் 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படமும், 1942-இல் ஜெமினியின் படமும் வந்தன. பாட்டியின் மனதில் இருக்கும் நந்தன் இப்படி வந்து சேர்ந்தவர்தான்.

அப்படியானால் நம்மவர்கள் என்ன செய்தார்கள்? இரண்டு பேரைச் சொல்கிறோம்.

ஒருவர் அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914). அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். அதுவும் ஒரு கதைப்பாடல் நாயகனின் பெயர்தான். பார்ப்பனப் பெண் ஆரியமாலாவைக் காதலித்துக் கழுவேறிய காத்தவராயன். பண்டிதர் அந்தப் பெயரை விட்டு, தமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரின் பெயரை ஏற்றுக்கொண்டார். கழுமரத்தில் முடிந்த பெயருக்குப் பதில் கல்வி தந்தவரின் பெயர். ஆனால் நந்தன் என்ற பெயரை அவர் விடவில்லை. இந்திரர் தேச சரித்திரத்தில் அவர் எழுதிய நந்தன், போலி வேடதாரிகளைக் கேள்வி கேட்ட பௌத்த அரசன், சூழ்ச்சியால் கொல்லப்பட்டவன். இதைக் கல்வெட்டுச் சான்றுபோல எடுத்துக்கொள்ள முடியாது, தோழர்களே. பண்டிதர் செய்தது வேறு வேலை. தாழ்ந்து நின்றவன் என்ற கதைக்கு எதிராக, தாழ்த்தப்பட்டவன் என்ற கதையை வைத்தார்.

இன்னொருவர் நம் வட ஆற்காட்டுக்காரர். ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் பிறந்த முனுசாமி. குடும்பத்தோடு கோலார் தங்கவயலுக்குப் போனார். பிறகு சகஜானந்தர் என்ற துறவியாகி, 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். எந்த ஊரில் நந்தன் எரிந்தார் என்று கதை சொல்கிறதோ அதே ஊரில், நந்தன் பெயரில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அவர் சைவர், பக்தர். அவருடைய ஆன்மிகத்தில் எங்களுக்கு மாறுபாடு உண்டு. ஆனாலும் அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு ‘நந்தனார்’ என்பது மாற்றுச் சான்றிதழில் அச்சான ஒரு பள்ளியின் பெயர். நெருப்பின் நினைவு அதற்குப் பிறகுதான்.

நம் காலத்துக்கு வந்தால் கபாலி. சிவனின் பெயர், மயிலாப்பூர்க் கோயிலின் பெயர். ஆனால் உழைக்கும் மக்கள் அதை வைத்துக்கொண்டபோது, சினிமா அதை அடியாளுக்குக் கொடுத்தது. முதலாளி அதட்டிக் கூப்பிட்டதும் கைகட்டி வந்து நிற்பவன் கபாலி. எத்தனை கபாலிகள் வகுப்பறையில் சிரிப்புக்கு ஆளானார்களோ! ஆவடிப் பக்கத்திலிருந்து வந்த பா. இரஞ்சித் 2016-இல் அந்தப் பெயரைக் கோட் சூட் போட்ட ரஜினிகாந்துக்குக் கொடுத்தார். அந்த இழிவைப் படத்திலேயே பெயர் சொல்லிக் கண்டித்தார். ஒரே படம் எல்லாவற்றையும் மாற்றிவிடாது. ஆனால் கபாலி என்று கூப்பிட்டால் நிமிர்ந்து பார்க்கலாம் என்றானது.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்திருக்கிறது. ஹாரியட் பீச்சர் ஸ்டோ 1852-இல் வெளியிட்ட நாவலின் நாயகன் டாம் என்ற கறுப்பின அடிமை. தப்பியோடிய பெண்கள் எங்கே என்று காட்டிக்கொடுக்க மறுத்து, அடிபட்டுச் சாகிறவன் அவன். மேடை நாடகங்கள் அவனை எஜமானுக்குப் பல்லிளிக்கும் கிழவனாக மாற்றின. இன்று ‘அங்கிள் டாம்’ என்பது வசைச்சொல். கதையை யார் கையில் விடுகிறோமோ, பெயரும் அவர்கள் கைக்குப் போய்விடும்.

ஆகவே எங்கள் பதில் இது. பெயரை விடுவதும் ஒரு வழி. காத்தவராயன் அயோத்திதாசர் ஆனார். தோழர் திருமாவளவன் தம் தந்தை ராமசாமியின் பெயரையே தொல்காப்பியன் என்று மாற்றினார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெயரை வைத்துக்கொண்டு கதையை மாற்றுவது இன்னொரு வழி. அதில் உழைப்பு அதிகம். பெயர் வைத்த அன்று கைதட்டிவிட்டுப் போனால், மீதி வேலை அந்தக் குழந்தையின் தலையில் விழும். பள்ளியில் யாராவது “என்னடா நந்தா, சிதம்பரத்துக்கு நாளைக்குப் போறியா?” என்று சிரித்தால், அவனிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். அந்தப் பதிலை அவனுக்குக் கொடுப்பது பெற்றோரின் வேலை, நம் எல்லோருடைய வேலை.

அவசரமும் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டால் போதும். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். வீட்டில் எல்லோரும் பேசி முடிக்க அது போதுமான காலம். பாட்டிகளை ‘புரியாதவர்கள்’ என்று ஒதுக்கிவிட்டு வைக்கும் பெயரில் என்ன சமத்துவம் இருக்கிறது?

அடுத்த ஞாயிறு அந்த வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொன்னோம். தீ முதலில் இல்லை, பின்னால் வந்து சேர்ந்தது என்றதும் பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆரணிக்காரர் கட்டிய பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் இரண்டு முறை கேட்டார். இன்னும் சரி என்று சொல்லவில்லை. “மொதல்ல அவன் படிக்கட்டும்” என்றார். பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுதும் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.