வுட்ஸ் ஹோலின் கோடையும் ஹோவர்டின் குளிர்காலமும்

1909ஆம் ஆண்டுக் கோடையில் எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட் என்னும் இளம் ஆசிரியர், மாசசூசெட்ஸ் கடற்கரையிலுள்ள வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்திற்கு வந்து சேர்ந்தார். தென் கரோலினாவில் 1883இல் பிறந்தவர். டார்ட்மத் கல்லூரியில் 1907இல் பட்டம் பெற்றவர். வாஷிங்டனில் கறுப்பின மாணவர்களின் உயர்கல்விக்கு முதன்மை இடமாக விளங்கிய ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி வந்தார். டார்ட்மத்தில் அவருக்கு விலங்கியல் கற்பித்த வில்லியம் பேட்டனின் பரிந்துரையின் பேரில், வுட்ஸ் ஹோலின் இயக்குநரும் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியருமான ஃபிராங்க் லில்லி அவரைத் தம் உதவியாளராக ஏற்றுக்கொண்டார்.

அமெரிக்க உயிர்மருத்துவத்தில் வாய்ப்பு மறுக்கப்பட்ட சமூகங்களின் மாணவர்களுக்காக நடத்தப்படும் கோடைக்கால ஆய்வுத் திட்டங்களின் வரலாற்றை 1970களிலிருந்து தொடங்குவதே வழக்கம். அரசு நிதியின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது என்பதால் அவ்வழக்கம் உருவாகியிருக்கலாம். ஆனால் அவ்வடிவத்தின் ஆற்றலும் போதாமையும் அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஜஸ்ட்டின் வாழ்வில் முழுமையாக வெளிப்பட்டுவிட்டன.

வுட்ஸ் ஹோலில் ஆய்வு கோடையில் நடைபெற்றதற்குக் கடலே காரணம். அங்குள்ள கடல் முள்ளெலிகளும் நீரிஸ் என்னும் கடற்புழுக்களும் முட்டையிடும் பருவம் அது. நீரிஸ் புழுக்கள் நிலவொளி இல்லாத இரவுகளில் நீர்ப்பரப்பிற்குத் திரண்டு வரும். விளக்கொளியில் அவற்றைப் பிடித்து, முட்டைகளுக்கு ஊறு நேராமல் ஆய்வு மேசைக்குக் கொண்டுவர வேண்டும். எந்த நூலைப் படித்தும் இதைக் கற்க இயலாது. அருகிலிருந்து பார்த்துக் கைப்பழக்கத்தால் பெற வேண்டிய அறிவு இது. ஜஸ்ட் அதில் பெருந்தேர்ச்சி பெற்றார். நீரிஸ் முட்டையின் முதற்பிளவு எத்தளத்தில் நிகழும் என்பது விந்தணு நுழையும் புள்ளியைச் சார்ந்தது எனக் காட்டும் கட்டுரை 1912இல் வெளிவந்தது. 1915இல் முதல் ஸ்பிங்கார்ன் பதக்கம், 1916இல் சிகாகோவின் முனைவர் பட்டம். முட்டைகளைக் கையாளும் முறை குறித்து மற்ற ஆய்வாளர்கள் அவரைத் தேடிவந்து கேட்கும் நிலை உருவாயிற்று.

ஆயினும் செப்டம்பர் பிறந்ததும் அவர் வாஷிங்டன் திரும்ப வேண்டியிருந்தது. அங்கே காத்திருந்தவை கற்பித்தற் சுமையும் வசதி குறைந்த ஆய்வகமும். வெள்ளையர் பல்கலைக்கழகம் எதுவும் அவருக்கு நிலையான பதவி வழங்கவில்லை. லில்லியின் சிகாகோவும் அதற்கு விலக்கன்று. சுமார் இருபது கோடைகள் உலகத்தரம் வாய்ந்த ஆய்வகத்தில் கழிந்தன. அவற்றுக்கு இடைப்பட்ட குளிர்காலங்களை இனப்பாகுபாடு தன்வசம் வைத்திருந்தது. லில்லியின் நல்லெண்ணம் ஐயத்திற்குரியதன்று. ஆனால் நல்லெண்ணத்தால் கோடைக்கால மேசையைத் தர முடிந்ததே அன்றிப் பதவியைத் தர முடியவில்லை. 1929 முதல் ஜஸ்ட் ஐரோப்பாவை நாடினார்: நேப்பிள்ஸ், பெர்லின், பின்னர் பிரான்ஸ். 1940இல் ஜெர்மானியப் படையெடுப்பு அவரைத் தாயகம் துரத்தியது. மறு ஆண்டே புற்றுநோயால் மறைந்தார்.

பின்வந்த திட்டங்கள் தனிமனிதப் பரிவை நிறுவன ஏற்பாடாக மாற்ற முயன்றவை. அமெரிக்க வேதியியல் கழகம் 1968இல் ‘சீட்’ திட்டத்தைத் தொடங்கி, வறிய குடும்பங்களின் பள்ளி மாணவர்களை ஆய்வகங்களுக்கு அழைத்தது. 1970களில் தேசிய சுகாதார நிறுவனம் எம்பிஆர்எஸ், மார்க் ஆகிய திட்டங்களை நிறுவியது. மாணவருக்கு ஒரு நெறியாளர், சில வாரங்கள், ஓர் ஆய்வுச் சிக்கல், இறுதியில் ஒரு சுவரொட்டி உரை என்னும் வடிவம் இந்திய அறிவியல் கழகங்களின் கோடைக்கால உதவித்தொகையை அறிந்தோர்க்குப் புதிதன்று. இவற்றுள் மிகுதியும் கவனிக்கப்படாத கூறு உதவித்தொகையே. விடுமுறையில் கூலி வேலைக்குச் சென்றாக வேண்டிய மாணவருக்கு ஊதியமற்ற ஆய்வு வாய்ப்பு, வாய்ப்பே அன்று.

பெயர்களின் போக்கும் நோக்கத்தக்கது. எம்பிஆர்எஸ், மார்க் இரண்டிலும் உள்ள ‘எம்’ சிறுபான்மையைக் குறிப்பது. இந்தியச் சூழலில் சமயச் சிறுபான்மையை நினைவூட்டும் இச்சொல், அங்கே முதன்மையாக இனத்தைச் சுட்டியது. பின்னர் ‘போதிய இடம்பெறாத பிரிவினர்’ என்பதும், அதன்பின் ‘பன்மைத்துவம்’ என்பதும் வந்தன. முதற்சொல் மக்கள்தொகையைச் சுட்டியது. இரண்டாவது ஒரு பற்றாக்குறையைச் சுட்டியது. மூன்றாவது யாரையும் சுட்டவில்லை. வழக்குமன்றத்தின் நிழல் இச்சொல்வரலாற்றில் படிந்திருக்கிறது.

குளிர்காலச் சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டி வளாகத்தில் 1988இல் உருவான மேயர்ஹாஃப் திட்டம். 1989இல் சேர்ந்த முதல் அணியினர் 19 கறுப்பின ஆண் மாணவர்கள். அங்கே கோடை ஒரு தொடக்கம் மட்டுமே. கல்வியாண்டு முழுவதும் ஆய்வு, கூட்டுப்படிப்பு, வழிகாட்டல் ஆகியவை தொடர்ந்தன. கோவிட் தடுப்பூசி ஆய்வில் அறியப்பட்ட கிஸ்மெக்கியா கார்பெட் பள்ளிப்பருவத்தில் ‘சீட்’ மாணவி. பின்னர் மேயர்ஹாஃப் மாணவி. கல்லூரிக் காலத்திலேயே தேசிய சுகாதார நிறுவனத்தில் பார்னி கிரஹாமின் ஆய்வகத்தில் பயின்று, முனைவர் பட்டத்திற்குப்பின் அங்கேயே ஆய்வாளராகத் திரும்பியவர். ஜஸ்ட்டுக்கு அடைத்துக்கிடந்த கதவு இந்தக் கடைசிக் கதவுதான்.

எனினும் அது எல்லோர்க்கும் திறந்துவிடவில்லை. டோனா கிந்தர் குழுவினர் 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, கல்வி, பயிற்சி, வெளியீடுகள் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும், கறுப்பின விண்ணப்பதாரர்க்குத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வுநிதி கிட்டும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவாக இருந்தது. பயிற்சி போதவில்லை என்னும் வாதம் இத்தரவின் முன் நிற்பதில்லை.

அதே பல்கலைக்கழகத்தின் மற்றொரு வளாகத்தில் கறுப்பினத்தவர்க்கென இருந்த உதவித்தொகையை 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாதென்றது. 1996இல் மேயர்ஹாஃப் எல்லா இனத்தவர்க்கும் திறக்கப்பட்டது. 2023இல் உச்ச நீதிமன்றம் இனத்தைக் கருத்திற்கொள்ளும் சேர்க்கை முறைகளை நிராகரித்தது. 2025இல் தேசிய சுகாதார நிறுவனம் மார்க் உள்ளிட்ட பயிற்சித் திட்டங்களை நிறுத்தியது. அதன் சொந்த ஆய்வகங்களின் கோடைக்காலப் பயிற்சியும் அவ்வாண்டு நடைபெறவில்லை.