கேட்பவருக்கும் பொறிக்கும் இடையில்

தகவல் மீட்பு முறைமைகளின் வரலாற்றை எழுதுவோர் பொறிகளின் வேகத்தையும் கொள்ளளவையுமே பெரிதும் பேசுவர். கேட்பவருக்கும் பொறிக்கும் இடையில் நிகழ்வது யாது என்ற வினா அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நிற்கின்றது.

அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1964 இல் தொடக்கிய மெட்லார்ஸ் என்னும் கணனி முறைமை இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். மருத்துவர் பொறியை நேரே அணுகவில்லை. அவர் தமது தேவையை எழுதி அனுப்புவார், அல்லது நூலகரிடம் கூறுவார். பயிற்சி பெற்ற தேடுநர் அதனை முறைமைக்கென வரையறுக்கப்பட்ட கலைச்சொற்களுக்கு மாற்றுவார். ஏறத்தாழ 300 தேடல்களை ஆராய்ந்த லங்காஸ்ரர் 1968 இல் தமது அறிக்கையை வெளியிட்டார். பொருத்தமான கட்டுரைகளுள் சராசரியாக 58 சதவீதமே அகப்பட்டன. அகப்பட்டவற்றுள்ளும் பாதியளவே பொருத்தமானவை.

இவ்வெண்களினும் சிந்திக்கத்தக்கது அவர் கண்ட காரணங்களுள் ஒன்று. இடையாளருடன் நேரிற் பேசியவரின் தேடலே சிறந்திருக்கும் என நாம் எதிர்பார்ப்போம். நிகழ்ந்ததோ அதன் மறுதலை. பேச்சினிடையே கேட்பவர் தமது தேவையை முறைமையின் சொற்களுக்குள் ஒடுக்கிக்கொண்டார். தமது சொந்த நடையில் எழுதி அனுப்பியவரின் தேவையே தெளிவாக வெளிப்பட்டது. உதவ வந்தவர், தாம் அறியாமலே, வினாவை மாற்றிவிட்டார்.

அதே ஆண்டில் றொபேட் ரெய்லர் எழுதிய கட்டுரை, தேவையானது உள்ளத்திற் சொல்வடிவம் பெறாத நிலையிலிருந்து முறைமைக்கு இசைய விட்டுக்கொடுத்த வினாவாகும் வரை நான்கு படிகளைக் கடக்கின்றது என விளக்கிற்று. லங்காஸ்ரர் கண்டது அவ்விறுதிப் படியின் இழப்பையே எனலாம்.

இவ்விழப்பைத் தவிர்க்க முயன்றவருள் றொபேட் ஒடி குறிப்பிடத்தக்கவர். 1977 இல் அவர் விவரித்த தோமஸ் என்னும் முறைமை வினாவை வகுத்துத் தருமாறு கேட்கவில்லை; நூற்குறிப்பொன்றைக் காட்டி, கேட்பவர் ஏற்பதையும் மறுப்பதையும் கொண்டு அவரது நாட்டத்தை ஊகித்தது. பெல்கின், புறூக்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 1982 இல் அவர் எழுதிய கட்டுரைகள் இதற்குக் கோட்பாட்டு அடிப்படையை வகுத்தன: தாம் அறியாததைத் துல்லியமாகக் கூறுமாறு ஒருவரைக் கேட்பது முரணன்றோ?

1997 இல் பப்மெட் இலவசமாகத் திறந்துவிடப்பட்டபின் இடையாளரின் தேவை பெரிதுங் குறைந்தது. மாரடைப்புக்கான பொதுவழக்குச் சொல்லை இட்டாலும், உரிய மருத்துவக் கலைச்சொல்லையும் அது தானே சேர்த்துத் தேடுகின்றது. தேடுநர் செய்த மொழிமாற்றம் இவ்வாறு பொறியின் பணியாயிற்று. ஆயினும் இட்ட சொல்தான் தேவையா என்று அது திருப்பிக் கேட்பதில்லை. ஒடியின் முறைமை அறிய முயன்றதோ அதனையே.